எங்கள் வீட்டு வேகன்

“வீட்டைக் கட்டிப் பார், கலியாணத்தைச் செய்து பார்” என்று நம் முன்னோர் சொல்லி வைத்தனர். இன்றைய நாளில் அதனோடு “பழைய கார் ஒன்றை வாங்கிப் பார்” என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம் என்பது எமது குடும்பத்தாரின் அநுபவம். 2023 ஆம் ஆண்டில் நாம் ஒரு பழைய வேகனை வாங்கினோம். அதற்கு முன் எம் வீட்டில் நடந்த வாதங்களைக் கொண்டு கல்லூரி மண்டபத்தில் ஒரு பட்டிமன்றமே நடத்தியிருக்கலாம். ஒரு பொருளை எதைப் பார்த்து நம்புவது என்பதை அந்த நாட்களில்தான் நான் கற்றுக்கொண்டேன். அதையே இங்கு எழுத விழைகின்றேன்.

வேகன் என்றால் என்னவென்று அறியாத தங்கைமாருக்காக ஒரு சிறு விளக்கம். சாதாரணக் காரில் சாமான் வைக்கும் பகுதி பின்னால் தனியாகத் துருத்திக்கொண்டிருக்கும். வேகனிலோ கூரை கடைசிவரை நீண்டு, பின்னால் திறக்கும் ஒரு பெரிய கதவில் முடியும். அமெரிக்காவில் புகையிரத நிலையத்தில் இறங்கும் பிரயாணிகளையும் அவர்களது பெட்டி படுக்கைகளையும் ஏற்றிச் செல்லப் பயன்பட்ட வண்டி இது. அதனாற்றான் ‘ஸ்ரேஷன் வேகன்’ என்னும் பெயர் வந்தது. ஆங்கிலேயர் இதனையே ‘எஸ்ரேற் கார்’ என்பர். 1953 இல் வெளிவந்த மொறிஸ் மைனர் ட்றவலர் என்னும் வண்டியின் பின்பாதிச் சட்டகம் மரத்தால் ஆனது. அந்த மரம் அழகுக்காக வைக்கப்பட்டதன்று; வண்டியின் எலும்பே அதுதான். ஆகவே அவ்வண்டியை வாங்குவோர் எஞ்சினைப் பார்க்குமுன் மரம் உக்கியிருக்கிறதா என்று குத்திப் பார்க்க வேண்டும். பின்னாளில் வந்த யப்பான் வேகன்களில் மரம் இல்லை. ஆனால் எலும்பைப் பார் என்னும் விதி அவற்றுக்கும் பொருந்தும்.

எமக்கு ஏன் வேகன் வேண்டியிருந்தது? அம்மம்மாவுக்காகத்தான். 2021 இல் அவருக்குப் பாரிசவாதம் வந்து வலது கையும் காலும் சோர்ந்துபோயின. கிழமைக்கு இரண்டு முறை உடற்பயிற்சிச் சிகிச்சைக்காக இளவாலையிலிருந்து யாழ்ப்பாணம் போக வேண்டும். ஓட்டோவில் ஏற்றினால் குலுக்கத்தில் நோகிறது என்பார். வானின் படி உயரம். இருவர் அவரைத் தூக்கி ஏற்ற வேண்டும். சக்கர நாற்காலிக்கு இடம் வேறு வேண்டும். ஒருநாள் வானில் ஏற்றும்போது அயலார் பலர் கூடி நின்று பார்த்தனர். “என்னை மூட்டை மாதிரித் தூக்காதேங்கோ” என்று அம்மம்மா மெல்லச் சொன்னார். அதன்பின் ஞாயிறு பூசைக்கு வர மறுத்துவிட்டார். சிகிச்சைக்குப் போவதும் கிழமைக்கு ஒன்றாகிப் பின் அதுவும் தவறத் தொடங்கியது. கையில் உரம் வரவேண்டிய மாதங்கள் வீணே கழிந்துகொண்டிருந்தன. இதனைக் கண்டுதான் “இனி ஒரு வாகனம் எடுக்கத்தான் வேணும்” என்று அம்மா முடிவு செய்தார்.

அப்பா கிளிநொச்சியில் வேலை; கிழமை முடிவிற்றான் வீடு வருவார். ஆகவே ஓட்டப்போகிறவரும் அம்மா, தேடப்போகிறவரும் அம்மா. ஆனால் காலம் சாதகமாக இருக்கவில்லை. 2020 ஆம் ஆண்டில் எமது நாட்டில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. புதியவை வராதபடியால் ஓடிய வாகனங்களின் விலை ஏறியது. 2022 இல் பெற்றோலுக்காக நாட்கணக்கில் வரிசையில் நின்றதையும், ‘கியூஆர்’ அட்டையைக் காட்டிக் கிழமைக்கு இத்தனை லீற்றர் என்று அளந்து வாங்கியதையும் எவரும் மறந்திருக்கமாட்டார்கள். தனியார் வாகன இறக்குமதி மீண்டும் அனுமதிக்கப்பட்டது 2025 இற்றான். எமக்கோ அதுவரை காத்திருக்க முடியாது.

மாமா ஒரு வழி சொன்னார். “அக்கா, லீசிங்கிலை ஒரு சின்னப் புதுக் கார் எடுங்கோ. உந்தப் பழசுகளை வாங்கிக் கராஜ்காரருக்குத்தான் உழைச்சுக் குடுக்கப் போறியள்.”

அம்மா உடனே மறுக்கவில்லை. கொப்பி ஒன்றை எடுத்து இரு பக்கமும் கணக்கு எழுதினார். ஒரு பக்கம் மாதாந்தத் தவணை, வட்டி, முழுக் காப்புறுதி. மறுபக்கம் கைக்காசு கொடுத்து வாங்கும் பழைய வண்டி, அதன் திருத்த வேலை, பெற்றோல். ஐந்து வருடம் தவணை கட்டுவதற்கு வீட்டில் எவருக்கும் நோய் வரக்கூடாது, வேலை போகக்கூடாது, விலைவாசி ஏறக்கூடாது என்று வேண்டிக்கொள்ள வேண்டும். பழைய வண்டியிலும் செலவு உண்டு. ஆனால் அது வண்டி கேட்கும்போது வருவது. இப்படி ஆராய்ந்த பின் அவர் ஒரு விதி வகுத்தார். கையில் உள்ள பணத்தில் ஐந்தில் நான்கு பங்குக்குத்தான் வண்டி வாங்குவது. மீதி ஒரு பங்கை முதல் வருடத் திருத்தத்துக்கென வங்கியில் விடுவது.

பின் மாமாவைப் பார்த்து, “அது கிடக்கட்டும். உன்ரை சின்னக் காரிலை நாங்கள் அஞ்சு பேர் இருந்தால் அம்மாவின்ரை கதிரையை எங்கை வைக்கிறது? மடியிலையோ?” என்று கேட்டார். மாமாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வேகன் என்பது அன்றே முடிவாயிற்று.

எமது ஊர் மெக்கானிக் அண்ணர் தொழில் பழகியது போர்க்காலத்தில். 1990 இல் தொடங்கிய பொருளாதாரத் தடையினால் குடாநாட்டுக்குப் பெற்றோல் வராமல் நின்றபோது, காபரேற்றருக்குள் சில துளி பெற்றோல் விட்டு ஸ்ராட் செய்து பின் மண்ணெண்ணெயில் வாகனங்களை ஓட்டினார்கள் என்று பெரியோர் சொல்லக் கேட்டிருக்கின்றோம். அந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தவர் அவர். எதை வாங்கலாம் என்று அம்மா கேட்டபோது அவர் சொன்னது இதுதான்: “பழசோ புதிசோ எண்டு பாராதேங்கோ அக்கா. நிண்டால் இஞ்சை திருத்தலாமோ, அதின்ரை சாமான் இஞ்சை கிடைக்குமோ எண்டு பாருங்கோ. திருத்த ஏலாத புதுக் காரிலும் திருத்தக்கூடிய பழங்கார் திறம்.”

முதலில் நாம் பார்க்கப் போன வேகன் நகரத்துக்கு அருகே விற்பனைக்கு நின்றது. கண்ணாடிபோலப் பளபளத்தது. உள்ளே புது இருக்கை உறை, புதுப் பாட்டுப்பெட்டி. என் தங்கை அதைக் கண்டதும் அதில் ஏறி அமர்ந்துவிட்டாள். மெக்கானிக் அண்ணரோ முதலில் எஞ்சின் மூடியின்மேல் உள்ளங்கையை வைத்தார். சுட்டது. குளிர்ந்த எஞ்சின் எப்படி ஸ்ராட் ஆகிறது என்பதிற்றான் அதன் வயது தெரியும். வாங்குவோர் வருமுன் சூடாக்கி வைத்தால் அந்தச் சாட்சியம் அழிந்துவிடும் என்று எனக்கு விளங்கப்படுத்தினார். ஸ்ராட் செய்தபின் நீலப் புகை வந்தால் ஒயில் எரிகிறது. வெள்ளைப் புகை நிற்காமல் வந்தால் தண்ணீர் உள்ளே போகிறது. கரும்புகை என்றால் பெற்றோல் மிகுதி. இதுவும் அவர் சொல்லித் தந்த பாடம்.

அடுத்து ஒரு சிறு காந்தத்தை எடுத்துக் கதவுகளின் கீழ்க்கரை வழியே நகர்த்தினார். சில இடங்களில் அது ஒட்டவில்லை. தகரம் துருவேறி விழுந்த இடத்தைப் பட்டி பூசி மறைத்து மேலே நிறம் அடித்திருந்தார்கள். நான் ரோச் பிடிக்க, அம்மா பின்பக்க விரிப்பைத் தூக்கினார். ஈரம்! உதிரிச் சில்லு கிடக்கும் குழியில் மழைத்தண்ணீர் நின்றது. பின்கதவின் றப்பர் வெடித்துப்போயிருந்தது. அது மழை ஒழுகும் பிரச்சினை மாத்திரமன்று. ஓடும் வேகனின் பின்னால் காற்று சுழன்று, சைலன்சர் புகையை உள்நோக்கி இழுக்கும். அதில் உள்ள காபனோரொட்சைட்டு நிறமும் மணமும் இல்லாத நஞ்சு என்பது விஞ்ஞானம் படிக்கும் யாவரும் அறிந்ததே. விற்பவர், “இண்டைக்கு எடுத்தால் விலை குறைப்பன், நாளைக்கு இன்னொரு ஆள் வருகினம்” என்றார். புத்தகம் யார் பெயரில் இருக்கிறதென்று அம்மா கேட்டார். பல கை மாறியும் பெயர் மாற்றப்படாமல், கையெழுத்திட்ட கடதாசிகள்தாம் இருந்தன. “அவை வரட்டும்” என்று கூறி அம்மா எங்களை அழைத்துக்கொண்டு வெளியே வந்தார். தங்கை வழியெல்லாம் அழுதாள்.

இரண்டாவது வண்டி சாவகச்சேரிப் பக்கம், ஓய்வுபெற்ற ஒரு மாஸ்ரரின் வீட்டில் நின்றது. ரொயோட்டா கொறோலா டீஎக்ஸ் வேகன். 1980 களில் யப்பானில் செய்தது. நிறம் மங்கி, கூரை வெளிறியிருந்தது. மாமா அதைக் கண்டதும் முகத்தைச் சுழித்தார். மாஸ்ரர் எங்களைக் கதிரையில் இருத்தித் தேநீர் தந்தபின் கூறிய முதல் வார்த்தையை நான் மறக்கமாட்டேன். “பிள்ளையள், முதலிலை பிழையளைச் சொல்லுறன். பிறகு வண்டியைப் பாருங்கோ.”

றேடியேற்றர் ஒருமுறை ஒட்டியது, கனநாள் தாங்காது. சாரதிப் பக்கத் தரையில் துரு உண்டு. பின் வில்லுத்தகடு ஒன்று தளர்ந்துவிட்டது. பிறேக் றப்பர்கள் மாற்ற வேண்டும். கடிகாரம் ஓடாது. இப்படி எட்டுக் குறைகளை விரல் மடித்து எண்ணினார். பின் உள்ளே போய் நூல் கட்டிய மூன்று அப்பியாசக் கொப்பிகளைக் கொண்டுவந்து அம்மாவிடம் கொடுத்தார். ஏ9 பாதை திறந்த அடுத்த வருடமாகிய 2003 இல் அவ்வண்டியை வாங்கிய நாள் தொடக்கம் ஒயில் மாற்றிய திகதி, மீற்றர் கணக்கு, வாங்கிய பாகம், கொடுத்த பணம் யாவும் மணியான எழுத்தில் இருந்தன. 2006 ஆம் ஆண்டு ஆவணியில் பாதை மூடப்பட்டபின் எழுதிய ஒரு வரி என் கண்ணில் பட்டது. “கல்லில் ஏற்றி வைத்தேன். மாதம் ஒருமுறை எஞ்சினை ஓடவிட வேண்டும்.” அதன் கீழ், ஓடவிட்ட மாதங்களுக்கு நேரே சிறு சிறு புள்ளிகள் வரிசையாக இருந்தன. பெற்றோல் கிடைப்பதே அரிதான காலத்திலும் ஒரு சிறிதளவை எஞ்சினுக்கென ஒதுக்கி வைத்த மனிதர் அவர். இப்போது கண் மங்கியதால் விற்கிறார்.

மெக்கானிக் அண்ணர் வழமைபோல எல்லாவற்றையும் சோதித்தார். எஞ்சின் குளிர்ந்திருந்தது, இரண்டாம் முறையில் ஸ்ராட் ஆயிற்று. ஒயில் மூடியின் உட்பக்கம் பால்போல வெளுத்திருந்தால் தண்ணீர் கலக்கிறது என்று பொருள், அப்படி இருக்கவில்லை. கைபிறேக்கைச் சோதிக்க நமது ஊரில் மலை ஏது? பிறேக்கை இழுத்துவிட்டு முதல் கியரில் கிளச்சை மெல்ல விட்டார். வண்டி நகராமல் எஞ்சின் நின்றது, கைபிறேக் நல்லது. ரயரின் பக்கத்தில் பொறித்த நான்கு இலக்கங்களை என்னை வாசிக்கச் சொன்னார். முதல் இரண்டு கிழமை, அடுத்த இரண்டு வருடம். ரயருக்கும் பிறந்த திகதி உண்டு என்பதை அன்றுதான் அறிந்தேன். இந்த எஞ்சினில் காபரேற்றர்தான். கணினி எதுவும் இல்லை. உள்ளே ரைமிங் பெல்ற்றுக்குப் பதிலாகச் சங்கிலி. ஆகையால் நேரத்துக்கு மாற்றாவிட்டால் பெல்ற் அறுந்து எஞ்சின் கெடுமோ என்ற பயம் இல்லை. எட்டுக் குறைகளும் மாஸ்ரர் சொன்னபடியே இருந்தன. ஒன்பதாவது ஒன்றை அண்ணரால் கண்டுபிடிக்க முடியவில்லை.

எல்லாம் முடிந்தபின் அம்மா கைப்பையிலிருந்து தையல் அளவு நாடாவை எடுத்தார். அம்மம்மாவின் சக்கர நாற்காலி இருக்கை நிலத்திலிருந்து 19 அங்குலம் என்று வீட்டிலேயே அளந்து வைத்திருந்தார். வேகனின் முன் இருக்கை அதற்கு ஓர் அங்குலம் தாழ்வு. ஒரு தலையணை வைத்தால் இரண்டும் சமம். அப்படியானால் தூக்கத் தேவையில்லை. இடது கையால் பிடித்து அம்மம்மா தாமாகவே நகர்ந்து ஏறலாம். பின்கதவின் அகலத்தையும் அளந்தார். மடித்த நாற்காலி எளிதாக உட்செல்லும். மாமா அப்போதும், “விலையைக் குறைச்சுக் கேளுங்கோ அக்கா” என்று காதில் கூறினார். “குறையைச் சொல்லித்தானே விலை சொன்னவர்; இனி என்னத்தைக் குறைக்கிறது?” என்றார் அம்மா. புத்தகம் மாஸ்ரரின் சொந்தப் பெயரில், எந்தக் கம்பனிக்கும் கடனில்லாமல் இருந்தது. சட்டக இலக்கத்தைப் புத்தகத்தோடு ஒப்பிட்டுப் பார்த்து, உரிமையை உடனேயே அம்மாவின் பெயருக்கு மாற்ற விண்ணப்பித்தோம்.

ஒதுக்கி வைத்த ஐந்தில் ஒரு பங்கு வீண்போகவில்லை. முதல் மாதமே றேடியேற்றர், பிறேக் றப்பர்கள், பின் வில்லுத்தகடு ஆகியவற்றைச் சீராக்கினோம். உக்கிய தரைத்தகரத்தை வெட்டி எடுத்துப் புதுத் தகரம் ஒட்டுவித்தோம். கடிகாரத்தை மாத்திரம் விட்டுவிட்டோம். எமது பங்குச் சுவாமியார் வந்து மந்திரித்துத் தீர்த்தம் தெளித்தார். தங்கை பிரயாணிகளின் பாதுகாவலராகிய புனித கிறிஸ்தோப்பரின் சிறு படம் ஒன்றை முன்னால் ஒட்டினாள். நிறம் மங்கிய வண்டியை அவள் மன்னித்ததற்கு அதுவே அடையாளம்.

குறைகளை மறைத்து எழுதினால் மாஸ்ரருக்கு நான் மாணவியாக முடியாது. புதிய கார்களில் உள்ள காற்றுப்பைகள் இதில் இல்லை. குளிரூட்டி இல்லை, பங்குனி, சித்திரை வெயிலில் உள்ளே வேகிறது. புதிய சிறு காரைவிடக் கூடுதலாகப் பெற்றோல் குடிக்கிறது. இவற்றை அறிந்தபடியால் அம்மா மணிக்கு 50 கிலோமீற்றருக்குமேல் ஓட்டுவதில்லை. மழை இரவுகளில் அவசியமின்றி எடுப்பதுமில்லை. 2024 இல் ஒருமுறை சங்கானைக்கு அருகில் எஞ்சின் சூடேறும் முள் மேலே போகத் தொடங்கியது. அம்மா உடனே ஓரமாக நிறுத்திக் காத்திருந்தார். விசிறி பெல்ற் தளர்ந்திருந்தது. தொலைபேசியில் அண்ணர் சொன்னபடி அதை இறுக்கிக்கொண்டு அரை மணியில் புறப்பட்டோம். வண்டி தன் நோயை முள்ளில் காட்டியது. அம்மாவுக்கு அந்த மொழி தெரிந்திருந்தது. அவ்வளவுதான்.

சிகிச்சை அதன்பின் தவறவில்லை. ஆறு மாதத்தில் அம்மம்மாவின் வலது கை கோப்பை பிடிக்கும் அளவுக்குத் தேறியது. வேகன் வந்த மூன்றாம் ஞாயிறு, எவரும் தூக்காமல் தாமே ஏறி அமர்ந்து, “பூசைக்கு நேரமாகுது, எடு பிள்ளை” என்று அம்மாவை அவசரப்படுத்தினார். 2024 ஆவணியில் மடு மாதா திருவிழாவுக்கும் போய்வந்தோம். சட்டி பானை, பாய், தலையணை, சக்கர நாற்காலி அத்தனையும் பின்னால். நாங்கள் ஐவரும் முன்னால். சங்குப்பிட்டிப் பாலத்தின்மேல் வண்டி ஏறியபோது அம்மம்மா கண்ணாடியை இறக்கச் சொல்லிக் கடற்காற்றை வாங்கினார். மூன்று வருடங்களின் பின் அவர் பாடிய மாதா பாட்டை அன்று கேட்டோம்.

அன்புத் தோழியரே! நீங்களும் ஒருநாள் ஒரு வண்டியையோ வீட்டையோ வேலையையோ தெரிவு செய்ய நேரும். பளபளப்பைக் கண்டு மயங்கற்க என்று நமக்கு எத்தனையோ முறை போதிக்கப்பட்டிருக்கிறது. அதனோடு இன்னொன்றையும் நினைவிற் கொள்ளுங்கள். குறையே இல்லாத பொருளைத் தேடுவோர் குறை மறைக்கப்பட்ட பொருளையே வாங்க நேரிடும். குறையை வாய்திறந்து சொல்லும் மனிதரையும், அதைத் திருத்தத் தெரிந்த கைகளையும், அதற்கென ஒதுக்கிய சிறு பணத்தையும் தேடிக்கொண்டால் பழையதும் கைகொடுக்கும். மாஸ்ரரின் மூன்று கொப்பிகளும் இப்போது எம் வீட்டு அலுமாரியில் உள்ளன. நான்காவது கொப்பியை எழுதும் பொறுப்பை அம்மா என்னிடம் தந்திருக்கிறார். நல்லதையும் கெட்டதையும் ஒரே மையால் எழுதி வருகின்றேன்.

— உயர்தர வகுப்பு மாணவி, கலைப்பிரிவு